கவுண்டரை மூடியது யார்

எல்லோரும் சௌக்கியமா? உடம்பையும் சேர்த்து, மனசையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எனக்கு முழங்கால் பரவாயில்லை. கண்ணில் வைத்த லென்ஸ் பழகிவிட்டது. தூக்கம்தான் இந்த மாதம் கிட்டவே வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், திரும்பி வந்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், மகன், மருமகள். மகன் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மருமகளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. முதலில் துணி துவைக்கிற பிரிவில் இருந்தாள். பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டி விடுவது. பாரமான வேலைதான். ஆனால் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

"துணி பேசாது அத்தை. இவங்க பேசறாங்க" என்பாள்.

"திட்டறாங்கன்னு சொல்லு" என்பான் என் மகன்.

"திட்டினா என்ன, அதுவும் பேச்சுதானே. உங்களை மாதிரி டிவியப் பாத்துக்கிட்டு உம் கொட்டறதுக்கு அது எவ்வளவோ மேல்."

இந்த வருடம் இல்லத்தில் புது விதி வந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் வார்டில் இருக்கக் கூடாது. படி, இல்லையென்றால் துணி துவைக்கப் போ. அதனால் இணையம் வழியாக முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்த விஷயம் என் மகளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். மகள் என் மூத்தவள். வேறு ஊரில் இதே மாதிரி ஓர் இல்லத்தில் சூப்பர்வைசர். போன வருடம்தான் இதே படிப்பை முடித்து அந்தப் பதவிக்கு வந்தாள்.

"பாஸ் பண்ணிட்டு நானே சொல்றேன் அத்தை. இப்பவே தெரிஞ்சா அண்ணி தினம் போன் பண்ணிப் பாடம் எடுப்பாங்க."

அதுவும் உண்மைதான். என் மகள் தண்ணீர் குடிப்பது எப்படி என்றே எனக்குப் பாடம் எடுத்தவள்.

இந்தப் படிப்பில் பரீட்சையைவிடக் கலந்துரையாடல் என்ற ஒன்றுதான் பெரிய பாடு. வாரம் ஒரு கேள்வி போடுவார்கள். ஒவ்வொருவரும் பதில் எழுதி, வகுப்பில் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் போடவேண்டும். அடுத்தவர் எழுதியதற்கும் இரண்டு வார்த்தை எழுதவேண்டும். எழுதினால் மட்டும் போதாது. எது சொந்த அனுபவம், எது புத்தகத்தில் இருந்தது, எது இன்னொருவர் சொல்லிக் கேட்டது என்று பிரித்துச் சொல்லவேண்டும். புத்தகம் என்றால் எழுதியவர் பெயர், வருடம், பக்கம். ஆள் என்றால் யார், எப்போது சொன்னார், சொன்னதை எழுத அவர் சம்மதித்தாரா. மருமகள் இதிலெல்லாம் படு சுத்தம். பாடம் படிக்கிற டேப்லெட்டை மிக்சியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் உரித்தபடியே, "அத்தை, அந்தப் புத்தகத்துல பக்க எண் என்னன்னு பாருங்க" என்பாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொல்வேன்.

ஒரு வாரம் வந்த கேள்வி இது: சாப்பிட மறுத்த ஒருவரை எப்படிச் சாப்பிட வைத்தீர்கள்?

அவள் எழுதியது என் வீட்டுக்காரர் கதையை.

அவர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். வேலைக்காலம் முழுக்கக் கம்பி போட்ட குட்டி ஜன்னலுக்குப் பின்னால்தான். கடைசி மாதங்களில் நினைவு தடுமாறிவிட்டது. கிண்ணமும் ஸ்பூனுமாக எதிரே யார் போய் நின்றாலும் வாயை இறுக்க மூடிக்கொள்வார்.

"ஒரு வாய் வாங்கிக்குங்க" என்று நான் கெஞ்சுவேன்.

"எந்த ஊரு?" என்பார்.

"ஊரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயத் தொறங்க."

"சில்லறையா கொடும்மா. பின்னாடி ஆள் நிக்குது, சீக்கிரம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஆள் கரைந்துகொண்டே போனார். சட்டை தோளில் நிற்கவில்லை. ஒரு மத்தியானம், ஆறிப்போன கிண்ணத்தோடு நிற்கும்போது எனக்குத் தோன்றியது. வரிசையில் ஜனம் நிற்கும்போது இந்த மனுஷன் என்றைக்காவது சாப்பிட்டிருக்கிறாரா? கவுண்டர் பலகையை இறக்கிவிட்டு, பக்கத்து ஸ்டூல்காரரோடு தோளுக்குத் தோள் உட்கார்ந்துதானே டிபன் டப்பாவைத் திறப்பார்? உடனே ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். "கவுண்டர் மூடியாச்சு" என்றேன். எதிரே நிற்காமல் கட்டிலில் அவர் பக்கத்தில், அவர் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பூனைக் கொண்டுபோனேன். வாயைத் திறந்தார். விழுங்கிவிட்டு, "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்றார். அதற்கப்புறம் கடைசிவரை அப்படித்தான் சாப்பிட்டார்.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொல்லப் பார்த்தவள் நான். எப்போது சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்வேன். "சட்டை தோளில் நிற்கவில்லை" என்கிற இடத்தில் நிறுத்துவேன். "கூட்டம் ஜாஸ்தி" என்கிற இடத்தில் கேட்கிறவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

மருமகள் எழுதியதை வகுப்பில் எல்லோரும் பாராட்டினார்களாம். டீச்சர் அதைப் பக்கத்தின் தலையில் தூக்கி வைத்தாராம். இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தாள்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. செருப்போடு கூடத்தின் நடுவில் நின்றாள்.

"என்னைத் திருடிங்கறாங்க அத்தை."

டீச்சர் அனுப்பிய செய்தியை மகன் வாங்கி வாசித்தான். போன வருடம் படித்த ஒருவர் போட்ட பதிவும் இவளுடையதும் வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. சொந்த அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும், இல்லையென்றால் படிப்பிலிருந்து நீக்குவார்கள். இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒத்துப்போகிற வரிகளுக்கெல்லாம் மஞ்சள் நிறம். அந்த ஆளின் பெயரை மட்டும் மறைத்திருந்தார்கள்.

"என்ன இது, பக்கத்துக்கே மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றான் மகன்.

"சிரிக்காதீங்க. முழுசா வாசிங்க."

அவன் வாசிக்க ஆரம்பித்தான். 'என் அப்பா பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். விடுப்பு எடுத்துக்கொண்டு கடைசி நாட்களில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் கரைந்துகொண்டே போனார். சட்டை தோளில் நிற்கவில்லை...' அந்த இடத்தில் அவன் நிறுத்தினான். நான் வழக்கமாக நிறுத்துகிற அதே இடம்.

மருமகள்தான் மெதுவாகச் சொன்னாள். "இது அண்ணி."

"அக்கா எங்கடா இருந்தா அப்போ?" என்று மகன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவளுக்கு லீவு தரவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தாள்.

நான் டேப்லெட்டை வாங்கி மருமகள் எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். அதுவரை நான் அதை வாசித்ததில்லை. எல்லாவற்றுக்கும் என்னைப் பக்க எண் கேட்டவள், இதை மட்டும் காட்டவில்லை. 'என் மாமனாருக்கு நான் ஊட்டும்போது' என்று தொடங்கியிருந்தாள். திரையை மூடியதும் அவளாம், பக்கத்தில் உட்கார்ந்ததும் அவளாம்.

"நீ ஏம்மா இப்படி எழுதினே? உக்காந்தது நான்தானே?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "நான் வீட்டுல இருந்தேனே அத்தை. காய மசிச்சது யாரு? படுக்கைய மாத்தினது யாரு? ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு வந்து அவரத் தூக்கி உக்காரவெச்சது யாரு? அந்த ஒரு மத்தியானம்தான் நான் இல்ல. வீட்டுக் கதைக்கு யாரு ரசீது கேக்கப்போறாங்கன்னு நினைச்சேன்."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் இரண்டு பக்கத்தையும் மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். ஒன்றில் மகள் இருந்தாள், ஒன்றில் மருமகள் இருந்தாள். என்னை எங்கேயும் காணோம். பேச்சு மட்டும் என்னுடையது.

"நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு எழுதிடறேன் அத்தை. டீச்சர் கேட்டா நீங்களும் சொல்லுங்க. அண்ணிகிட்ட இருந்து நான் எடுக்கல. அது மட்டும் தெரிஞ்சா போதும்."

"சொல்லிட்டா அக்கா எழுதினது என்ன ஆகும்?" என்றான் மகன்.

அவள் செருப்பைக் கழற்றப் போனாள்.

மறுநாள் காலை அவர்கள் வேலைக்குப் போனபிறகு மகளுக்குப் போன் செய்தேன்.

"என்னம்மா, சாப்டாச்சா? மாத்திரை போட்டியா?"

"போட்டேன். போன வருஷம் படிச்சியே, அதுல அப்பாவோட கவுண்டர் கதைய எழுதினியா?"

அந்தப் பக்கம் தள்ளுவண்டி உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"யார் சொன்னா?"

வாக்கை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழி?

"அவ படிக்கறாளா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பாடம் எடுப்பேன்னு பயந்துட்டா."

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். சிரிக்கவில்லை. "அம்மா, ஏதாவது புத்தகத்துல படிச்சேன்னு எழுதச் சொல்லு."

"எந்தப் புத்தகம்டி?"

"ஏதோ ஒண்ணு."

"பக்க எண் கேப்பாங்களே."

"அப்போ காப்பி அடிச்சேன்னு ஒத்துக்கட்டும். முதல் தடவைதானே, இன்னொரு சான்ஸ் குடுப்பாங்க."

"குடுக்கலைன்னா? மறுபடி துணி துவைக்கப் போகணும். அவ செய்யாத திருட்டுக்கா?"

"நான் எங்கம்மா போகணும்? அதைக் கேக்க மாட்டியா? சூப்பர்வைசர் இன்டர்வியூல இதைத்தான் சொன்னேன். அப்பாவுக்கு நான் பாத்தேன்னு சொன்னேன். சொல்லும்போது அழுதுட்டேன். எதிர்ல இருந்தவங்களும் அழுதாங்க."

"நீ அங்க இல்லையேடி, கண்ணு."

"இருந்தேன். தினம் சாப்பாட்டு நேரத்துல போன் பண்ணினேன். இன்னிக்கு என்ன சாப்பிட்டார், எத்தனை வாய், என்ன சொன்னார்னு ஒண்ணுவிடாம கேட்டேன். உன் பேச்சைக் கேக்க அந்த வீட்டுல யாருக்கும்மா நேரம் இருந்துது? கண்ண மூடினா நான் அந்தக் கட்டில்லதான் உக்காந்திருக்கேன். திரை என்ன கலர்னு கேளு, சொல்றேன். அது பொய்யா?"

அவள் கேட்டதும் நிஜம்தான். நான் சொல்லச் சொல்ல, என்னைவிட அதிகமாக அந்த அறையை மனப்பாடம் செய்தவள் அவள்தான். "என்னைக் காட்டிக் குடுத்துடாதம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒருத்தியைக் காப்பாற்ற வாயைத் திறந்தால் இன்னொருத்தி விழுவாள். வெள்ளிக்கிழமைவரை இதே நினைப்புதான். பாலைப் பொங்கவிட்டேன். தெருக்கதவைப் பூட்டாமல் கடைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மருமகள் லீவு போட்டாள். டீச்சர் வீடியோவில் பேசுவதாகச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டை நிறுத்தி என்னை உட்கார வைத்தாள். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். டீச்சர் என் மகளைவிடச் சின்னப் பெண். பின்னால் எங்கோ ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, பயப்படாதீங்க. இது யாரோட அனுபவம்னு மட்டும் சொல்லுங்க."

"என்னோடது."

"மருமகள்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பல் டாக்டர்கிட்டயும் சொன்னேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு இறங்கியது. அங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"இன்னொருத்தர் எழுதினதும் உங்க வீட்டுக் கதைதானேம்மா?"

"என் மக."

"அவங்க அப்போ அப்பா பக்கத்துல இருந்தாங்களா? இருந்திருந்தா அவங்க பதிவுல பிரச்சனை இல்ல. ரெண்டு பேருமே பாத்ததுன்னு ஆயிடும். உங்க மருமக மட்டும் உங்க பேரைப் போட்டுத் திருத்தி எழுதினா போதும்."

மருமகளின் கை என் தோளை அழுத்தியது. "இருந்தாங்கன்னு சொல்லிடுங்க அத்தை" என்று காதோரம் முணுமுணுத்தாள். திருடிப் பட்டம் சுமந்தவளே சொல்கிறாள், பாருங்கள். ஒரே ஒரு ஆமாம். இரண்டு பெண்களும் தப்பித்துவிடுவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் முகம் முன்னால் வந்து நின்றது. நான் யாரிடமும் சொல்லாத ஒரு பகுதி அந்தக் கதையில் உண்டு. திரையை மூடி, சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துவிட்டதும் தினமும் கேட்பார்: "பெரியவ வந்துட்டாளா? கடைசி பஸ்ஸும் போயிடப்போகுது." "வந்துடுவா" என்பேன். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கடைசி நாள்கூடக் கேட்டார். அவள் பக்கத்தில் இருந்தாள் என்று நான் சொல்லிவிட்டால், அந்த மனுஷன் காத்துக்கிடந்தது இல்லை என்றாகிவிடாதா?

"இல்ல" என்றேன். "அவ வரல. வர முடியல, லீவு தரல. அவர் தினம் அவளைக் கேட்டார். அவ போன்ல என்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா."

டீச்சர் எதையோ எழுதிக்கொண்டார். "நன்றிம்மா" என்றார். குழந்தை வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றிருந்தது.

மருமகள் அன்றைக்கே திருத்தி எழுதினாள். இந்த முறை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, "போடட்டுமா அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள். 'இது என் மாமியார் எனக்குச் சொன்னது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்' என்று முதல் வரி. மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் நீக்கவில்லை. வார்டில்தான் இருக்கிறாள். சந்தோஷமாக இருக்கவேண்டியவள், சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுகிறாள்.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன், எனக்கு அப்படித்தான் காது கேட்கும். சாப்டாச்சா என்று கேட்கவில்லை.

"திருத்திக் குடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. 'நான் அங்கே இல்லை, அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது'ன்னு ஒரு வரி. அதை என் கையால நானே எழுதணுமாம். இல்லைன்னா சான்றிதழைத் திருப்பி வாங்கிப்பாங்களாம்."

"ஒரு வரிதானேம்மா. எழுதிடு."

"ஒரு வரிதான். நாலு தடவை உக்காந்துட்டேன். எழுதினா நெசமாவே நான் அங்க இல்லாம போயிடுவேன்மா. அப்பா என்னைத் தினம் கேட்டார்னு நீ சொன்னதா அதுல போட்டிருக்கு. எத்தனை தடவை கேட்டிருப்பேன் உன்னை, அப்பா இன்னிக்கு என்ன சொன்னார், என்ன சொன்னார்னு. இதை மட்டும் ஏன் சொல்லல?"

"நீ அங்க தனியா உக்காந்து அழுவேன்னுதான்..."

"இப்ப எப்படி நம்பறது? என்னைச் சமாதானப்படுத்த சொல்றியோ என்னவோ. வேற யாராவது கேட்டாங்களா? யாரு சாட்சி?"

சமையலறை வாசலில் மருமகள் ஈரக் கையோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"நான் கேட்டேன் அண்ணி" என்றாள். "படுக்கை மாத்தும்போதெல்லாம் என்கிட்டயும் கேப்பார். இதை யாரும் சொல்லி நான் தெரிஞ்சுக்கல. நானே கேட்டேன்."

அந்தப் பக்கம் அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு போன் அணைந்துவிட்டது. நாங்கள் திரும்பக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. மகன் கூப்பிட்டான், அவனிடமும் பேசவில்லை. அந்த ஒரு வரியை எழுதினாளா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கெடு இந்த மாதக் கடைசிவரை இருக்கிறது என்கிறாள் மருமகள். தினமும் அவளும் ஒரு தடவை போன் செய்து பார்க்கிறாள்.

நான் செய்தது சரியா என்று உங்களைக் கேட்கவில்லை. சரி என்று நீங்கள் சொன்னாலும் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. இதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும், தான் இல்லாத இடத்தில் இருந்ததாகவே நம்பிக்கொண்டிருக்கிறவர் யாராவது உண்டா? அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? இல்லை, வாயை மூடிக்கொண்டு விட்டுவிட்டீர்களா? இரண்டு வரியானாலும் எழுதுங்கள், வாசிக்கிறேன். வேறு யாரோ சொல்லிக் கேட்டது என்றால் அவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.